பத்து விரல்

மணியம்மாள் அக்காவின் வலது கட்டைவிரலை மையில் அமுக்கி மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் ஃபாரத்தில் விழுந்தது வெறும் நீலக் கறை. கோடு இல்லை, சுழி இல்லை, ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட் ஃபாரத்தில் கைநாட்டுக்கு விட்டிருக்கிற கட்டம் தீப்பெட்டி அகலம்தான். ஒரு தரம் தப்பினால் முழு ஃபாரத்தையும் புதிதாக நிரப்ப வேண்டும். அது மூன்றாவது ஃபாரம். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

“இன்னாக்கா இது, விரலா, கழுவிக் கவுத்த தட்டா? பேருக்கு ஒரு ரேகைகூட இல்லியே!”

“இருந்துதுப்பா. மல்லாட்டை தின்னுடுச்சி,” என்று அக்கா சிரித்தாள்.

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். எண்ணெய்க்குப் போவதை மெஷினில் போட்டு உடைக்கலாம். விதைக்கு எடுப்பதை அப்படி உடைத்தால் முளை போய்விடும். கையால்தான் உடைக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் பிறந்த அக்கா ஏழு வயதில் அந்த வேலைக்கு உட்கார்ந்தாள். இப்போது ஐம்பத்து நாலு. விதை உடைக்கிற பட்டம், அந்தப் பருவம் வந்தால் மல்லாட்டை மண்டி, மற்ற மாதங்களில் எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு கெஸ்ட்ஹவுஸில் பாத்திரமும் துணியும். ரேகை எங்கே மிஞ்சும்?

என் கடை செங்கம் ரோட்டில் இருக்கிறது. டைப்பிங், ஜெராக்ஸ், இன்டர்நெட், எல்லா ஃபாரமும் நிரப்பித் தரப்படும். ஊரில் ‘இங்கிலீஷ் ராஜேந்திரன்’ என்றால் தெரியும். அந்தப் பட்டத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மயக்கம் உண்டு, ஒளிப்பானேன். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷ் என்று பீற்றிக்கொள்வேன். நரை தெரியக் கூடாது என்று ஞாயிறுதோறும் தலைக்கு ஹென்னா பாக்கெட் கரைத்துப் பூசிக்கொள்வேன். வெயிலில் நின்றால் தலை செம்பட்டையாக மின்னும். இதைச் சும்மா சொல்லவில்லை. பின்னால் வரும்.

இது இரண்டாயிரத்து ஏழு நவம்பரில். அக்காவின் ஒரே மகள் தென்றல் நர்ஸ் படித்து, லண்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் வேலை செய்தாள். கூடவே புருஷன் அன்பரசன். தென்றலுக்கு ஏற்கெனவே இரண்டு கரு கலைந்திருந்தது. ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று ஐந்து முடிந்து. இப்போது மூன்றாவது. மே கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்பரசனுக்குத் தாய் இல்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள அக்காவை விட்டால் வேறு நாதி கிடையாது.

“பொறந்த தேதி இன்னாக்கா?”

“தீபத்துக்கு மறாநாளு.”

“எந்த வருஷக் கார்த்திகை தீபம்?”

“அது எங்கம்மாவுக்குத்தான் தெரியும். அது போயி சேந்துடுச்சே.”

கோர்ட்டில் சத்தியப் பத்திரம் வாங்கி அதற்கும் ஒரு தேதி உண்டாக்கினேன். நாலாவது ஃபாரத்தில், மையைக் கம்மியாகத் தொட்டு, விரலை உருட்டாமல் வைத்து எடுத்ததில் ஓரத்தில் நாலைந்து கோடு விழுந்தது. போதும் என்று கலெக்டர் ஆபீஸில் கொடுத்தோம். 

தை முடிகிற நேரம் பாஸ்போர்ட் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. அக்காவும் அவள் வீட்டுக்காரர் கண்ணாயிரம் மாமாவும் கவரைப் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுவந்தார்கள். மாமா அதே மல்லாட்டை மண்டியில் வாட்ச்மேன். வாட்ச்மேன் புத்தி, எதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“இன்னாடா மாப்ள, ரூபா நோட்டு மாதிரி இருக்குது? வெளிச்சத்துல காட்டுனா சிங்கம் தெரியுது.”

“கள்ள பாஸ்போர்ட் அடிக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கான் மாமா. தோ பாருங்க, கோடு மாதிரி தெரியுதே, அதெல்லாம் கோடு இல்ல, பொடி எழுத்து. போட்டோ மேல ஒட்டியிருக்கிற இந்தத் தாளைப் பிரிச்சா கிழிஞ்சிடும். ஆளை மாத்த முடியாது.”

“என் மூஞ்சிய வெச்சி எவ போவப் போறா?” என்றாள் அக்கா. ஆனால் விரலால் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கெஸ்ட்ஹவுஸில் ஹெல்கா என்று ஒரு ஜெர்மன்காரம்மா தங்கியிருந்தார். அக்கா தன் பாஸ்போர்ட்டை அவரிடம் காட்ட, அவர் தன்னுடையதை எடுத்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் அக்கா கடைக்கு ஓடிவந்தாள்.

“எல்கா அம்மா புக்குல அட்டை மேல ஒரு தங்கப் பொட்டு இருக்குதுப்பா. அதுக்குள்ள ஒரு சில்லு இருக்குதாம். அந்தம்மா மூஞ்சியும் ரெண்டு வெரல் ரேகையும் அதுக்குள்ள போட்டு வெச்சிருக்கானாம். நம்மளுதுல அந்தப் பொட்டக் காணமே?”

“நம்மூருல இன்னும் வரலக்கா. ஆனா லண்டன்காரன் விசாவுக்கு இப்ப பத்து வெரலும் கேக்கறான். மெட்ராஸ்ல போயி மெஷின்ல வெச்சிட்டு வரணும்.”

அக்கா தன் விரல்களைப் பார்த்தாள். அன்றைக்கு நானும் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் ஆயிற்றே, மையைவிட நன்றாக எடுக்கும் என்று நினைத்தோம்.

மாசியில் தேதி கிடைத்தது. வரச்சொன்ன லெட்டரை கம்ப்யூட்டரில் எடுத்து, கடையில் வைத்தே படித்துப் பொருள் சொன்னேன். தனமும் கூட வந்திருந்தாள். தனம் அக்காவின் பக்கத்து வீடு. கெஸ்ட்ஹவுஸில் கூடவே வேலை செய்கிறவள். பேச்சில் யாருக்கும் அடங்காதவள்.

“பாஸ்போர்ட் ஒரிஜினல் கொண்டாரணும். செல்போன் உள்ள கூடாது. வெரல்ல வெட்டு, காயம், கட்டு எதுவும் இருக்கக் கூடாது...” என்று வரிவரியாக இறங்கினேன். ஓரிடத்தில் ஹென்னா போன்ற அலங்காரம் இருக்கக் கூடாது என்று இருந்தது. எனக்கு ஹென்னா என்றால் என் பாக்கெட்தான். சட்டென்று சொன்னேன். “ஆங், தலைக்கு ஹென்னா போடக் கூடாதாம்.”

“அது எதுக்காம்?” என்றாள் தனம்.

“போட்டோவுல நரைச்ச தலையா இருந்து, நேருல செவந்த தலையா போனா ஆளு வேறன்னு சொல்லிடுவான். எல்லாம் பாதுகாப்புக்குத்தான்.”

நானே அசந்துபோனேன், எவ்வளவு பொருத்தமாகக் காரணம் சொல்கிறேன் என்று.

“என் தலைக்கு எவன் சாயம் பூசப் போறான்? அதெல்லாம் உன் தலைக்குத்தான்டா தம்பி,” என்றாள் அக்கா. மூவரும் சிரித்தோம்.

அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து பாஸ்போர்ட்டோடு பிளாஸ்டிக் கவரில் வைத்தாள்.

விடியற்காலை பஸ்ஸில் நானும் அக்காவும் செஞ்சி, திண்டிவனம் வழியாக மெட்ராஸ் போனோம். புளிச்சாதமும் மல்லாட்டைத் துவையலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விசா ஆபீஸுக்குள் என்னை விடவில்லை. மனு போட்டவர் மட்டும்தான். வெளியே ஒரு புங்கமரத்தடியில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

“ஈரத் துணியால தொடச்சித் தொடச்சி வெச்சி அமுக்கினாங்கப்பா. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், என்னைத் திட்டக்கூட இல்ல. ரெண்டு சுண்டுவெரல் மட்டும்தான் மெஷின் எடுத்துது. மீதி எட்டும் வெள்ளையாவே காட்டுது.”

சுண்டுவிரல்! அவள் உடம்பில் வேலை செய்யாதது அது இரண்டும்தான்.

“ஒன்னர மாசம் கைக்கு வேலை குடுக்காதீங்கம்மா, எண்ணெ போடுங்க, தானா வளந்துடும்னு சொல்லிச்சி. அப்புறம் வரணுமாம்.” 

அடுத்த தேதி பங்குனி கடைசியில் வாங்கினேன். ஏழு வாரம். தென்றலுக்கு எட்டாவது மாதம் ஓடும். கிடைத்துவிட்டால் பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

உழைத்த பெண்ணைச் சும்மா உட்காரச் சொல்வது லேசுப்பட்ட காரியமா! அக்கா கையைத் தேங்காய் எண்ணெயில் தடவி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை எல்லாம் வேலை ஏவினாள். கெஸ்ட்ஹவுஸில் அவள் பாத்திரத்தையும் சேர்த்துத் தனமே துலக்கினாள். ஏழு வாரமும். ‘நீ எண்ணெயப் போட்டுக்கினு மகாராணி மாதிரி குந்திக்கினு இரு, நான் பாத்துக்கிறேன்’ என்றாள். கண்ணாயிரம் மாமா களி கிண்டக் கற்றுக்கொண்டார். கேழ்வரகு மாவு கட்டி கட்டியாக நிற்கும். ஒரு நாள் எனக்கும் கொடுத்தார்கள்.

“எப்படிடா இருக்குது?” என்றார் மாமா.

“கருவாட்டுக் குழம்பு நல்லா இருக்குது மாமா.”

“அது தனம் வெச்சது.”

சனிக்கிழமைதோறும் அக்கா என் கடைக்கு வருவாள். ரேகை வந்ததா என்று வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியில் இரண்டு கையையும் விரித்து வைக்கச் சொல்லி, கறுப்பைக் கூட்டி ஒரு காப்பி எடுப்பேன். முதல் வாரம் சுண்டுவிரல் இரண்டைத் தவிர மீதி எட்டும் வெள்ளைத் திட்டுகள். நாலாவது வாரம் மோதிர விரலில் வளைவு வளைவாகக் கோடு. ஏழாவது வாரம் கட்டைவிரலில்கூடச் சுழி தெரிந்தது. தாளை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

“எனக்கு எத்தினி சக்கரம், எத்தினி சங்கு பாருடா.”

எண்ணினேன். “சக்கரம் ஆறு, சங்கு நாலு.”

“ஆறு சக்கரமா! ஆறு சக்கரம் இருந்தா ராஜயோகம்னு சொல்லுவாங்க. ஐம்பது வருஷமா எனக்கே தெரியாமப் போச்சே.” அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். அந்தத் தாளை நான் மேசை அறையில் மற்ற ஆறோடு பத்திரமாக வைத்தேன்.

ஞாயிறு மதியம் கடைக் கம்ப்யூட்டரில் தென்றல் வருவாள். படம் விட்டுவிட்டுத் தெரியும். முகம் வீங்கி, கண்ணைச் சுற்றி இருண்டு இருந்தது. எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் படுக்க வைத்திருந்தார். அன்பரசனுக்கு வேலை ஷிப்டில். பகலெல்லாம் தனியாகக் கிடந்தாள்.

“பயமா இருக்குதும்மா. உள்ள அசைஞ்சாலும் பயமா இருக்குது, அசையலைன்னாலும் பயமா இருக்குது.”

“அடி என் பொண்ணே, அம்மா வந்துடறேன்டி. ரேகை வந்துடுச்சி, மாமனக் கேளு.”

“நீ வந்து ஒண்ணும் செய்ய வேணாம்மா. உன் கைய வயித்து மேல வெச்சிக்கினு பக்கத்துல இரு. அது போதும்.”

நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். என் தலையில் அன்று காலை பூசிய ஹென்னா காய்ந்து வாசனை அடித்தது.

இரண்டாம் தடவை மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், கம்பியைப் பிடித்த அக்காவின் கையைப் பார்த்தேன். பத்து விரல் நுனியும் தொப்பி போட்டது மாதிரி செக்கச்செவேல் என்றிருந்தது. மருதாணி.

“நல்லா செவந்திருக்குதேக்கா!” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வாயால்.

“தனம் வெச்சி உட்டா. அவ வீட்டுக் கொல்லைல மரம் இருக்குது இல்ல? கொட்டைப்பாக்கு வெச்சி அரைச்சி, முந்தாநாளு ரெண்டு தரம் அப்பினா. வெரல் நுனியில வெடிப்பு ரெண்டு மூணு ஆறாமயே இருந்துது. மருதாணி வெச்சா சூடு தணிஞ்சி வெடிப்பு மூடிடும்னா. மூடியும் போச்சி, பாரு. அதுவும் இல்லாம, புள்ளத்தாச்சியப் பாக்கப் போற கை வெறுங்கையா இருக்கலாமான்னா.”

கையை என் முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். திண்டிவனம் வரை தூங்கினேன்.

அன்றைக்கு அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். வேலை சீக்கிரம் முடிந்தது என்று எண்ணி எதிரே போனேன். அவள் நடையே சரியில்லை.

“மருதாணி வெச்சா மெஷின்ல வெக்க உடமாட்டாங்களாம்ப்பா. அதே பொண்ணுதான். ஐயோ, என்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்கன்னு அதுவே தலையில கைய வெச்சிக்குச்சி. செவப்பு முழுசும் போன பின்னால வரணுமாம். லெட்டருலயே எழுதியிருக்குதாம். நீ பாக்கலையா தம்பி?”

பிளாஸ்டிக் கவரிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். வெட்டு, காயம், கட்டு. அடுத்த வரியில் ஹென்னா. விரலைப் பற்றிய வரி அது. தலையைப் பற்றி அந்தத் தாளில் எங்குமே ஒரு சொல் இல்லை. புங்கமரத்தடியில் நிழல் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தத் தாளில் இருந்ததெல்லாம் கறுப்புப் பூச்சிகள். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் எழுத்து.

“இதுல மருதாணின்னு எதுவும் இல்லக்கா,” என்றேன். “புதுசா ரூல் போட்டிருப்பான்.”

மருதாணி என்று இல்லைதான். அந்தப் பொய்யில் அவ்வளவு உண்மை இருந்தது. சீ, என்ன மனுஷன் நான்!

திரும்பி வரும்போது அக்கா கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரிக்கவே இல்லை. செஞ்சிக் கோட்டை தெரிகிற இடத்தில் மட்டும் விரல் நுனியை முந்தானையில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்தால் போகிற சிவப்பா அது? 

வீட்டுக்கு வந்ததும் கண்ணாயிரம் மாமா தெருவே கேட்கத் தனத்தைப் பிடித்துக்கொண்டார். 

“உன்னை எவடி மருதாணி வெக்கச் சொன்னது? எம் பொண்ணு அங்க தனியா கெடக்கிறா. இங்க உனக்கு அலங்காரம் கேக்குதா?”

“எனக்கு இன்னா தெரியும் மாமா? நல்லதுக்குத்தான வெச்சேன்...”

“நல்லதா? உன் நல்லதுல மண்ணப் போட!”

தனம் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா, “ஏழு வாரம் பொத்திப் பொத்தி வெச்ச கைய ஒரே நாளுல கெடுத்துட்டியேடி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேதான் நின்றேன். என் வாயை யாராவது தைத்து வைத்திருந்தார்களா என்ன? அப்போது சொல்லியிருக்கலாம். தனத்தின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மூன்றாவது தேதி மே நடுவில் கிடைத்தது. அக்கா எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள், உப்பைத் தேய்த்தாள். தேய்த்தால் ரேகையும் போய்விடும் என்று நான் அதட்டினேன். அதட்ட எனக்கு என்ன யோக்யதை? சித்திரை வெயிலில் எங்கள் ஊர் மலையே காய்ந்து சிவந்து கிடந்தது. தெருவில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. தோலில் இருந்த சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் மங்கியது. நகத்தில் மட்டும் பிறை பிறையாக நின்றது.

மே மாதம் இரண்டாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். கடை போனில் அன்பரசன்.

“மாமா, அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியல.”

“இன்னாப்பா?”

“நேத்து நான் வேலைக்குப் போயிருந்தேன். வயித்துல அசைவே இல்லன்னு போன் பண்ணா. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிக்கினு போயிருக்காங்க. நான் போறதுக்குள்ள...” அவன் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “ஆம்பளப் புள்ள மாமா. முழுசா இருந்துச்சி. தென்றல் உசுருக்கு ஒண்ணும் இல்ல.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடந்தேன். ஐந்து நிமிட நடை. எனக்கு அந்தத் தெரு முடியவே கூடாது என்றிருந்தது. அக்கா சிமெண்ட் தரையில் காலை நீட்டி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“பாருடா, நகத்துல மட்டுந்தான் மிச்சம். இன்னும் பத்து நாளுல போயிடும் இல்ல?”

“அக்கா,” என்றேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே தெரிந்துவிட்டது.

“எம் பொண்ணு?”

“தென்றல் நல்லா இருக்குதுக்கா. கொழந்ததான்...”

ஏழு வாரமும் அதற்கு மேல் மூன்று வாரமும் தண்ணீர்கூடப் படாமல் வைத்திருந்த இரண்டு கையையும் ஓங்கித் தரையில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். “தனியா கெடந்து பெத்திருக்குதே, தனியா கெடந்து பெத்திருக்குதே” என்று ஒரே சொல். நான் கையைப் பிடித்தேன். எண்ணெய்க் கை, நழுவி நழுவிப் போனது. சத்தம் கேட்டுத் தனம் ஓடிவந்தாள். வாசற்படி வரை வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

மெட்ராஸ் போக வேண்டிய தேதி வந்தது, போனது. தென்றல், “இப்ப வந்து இன்னா பண்ணப் போறம்மா? லீவு கெடைச்சா நானே வரேன்” என்று சொல்லிவிட்டாள். வைகாசி பிறந்ததும் ஆடிப் பட்டத்துக்கு விதை உடைக்க மண்டியில் ஆள் எடுத்தார்கள். அக்கா போய் உட்கார்ந்துவிட்டாள் என்று மாமா சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யாராவது லெட்டரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படித்தேன். ஹென்னா பாக்கெட்டைத் தொடவே பிடிக்கவில்லை. நரை வெளியே வந்தது. வந்தவர்கள் எல்லாம், ‘இன்னா ராஜேந்திரா, உடம்பு சரியில்லையா?’ என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை மண்டிக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சடசடவென்று ஓடு உடைகிற சத்தம். தூசி. அக்கா சுவரோரம் தனியாக இருந்தாள். முறத்தில் சிவப்பு விதை நிரம்பிக்கொண்டிருந்தது.

“உக்காருப்பா. இன்னா, தலையெல்லாம் வெளுத்துப் போச்சி?”

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.” கை நிற்கவில்லை.

“அந்த லெட்டருல எழுதியிருந்துதுக்கா. மொதல்லயே எழுதியிருந்துது. ஹென்னா கூடாதுன்னு. ஹென்னான்னா மருதாணி. எனக்குத் தெரியலக்கா. என் தலைக்குப் பூசறதுதான் ஹென்னான்னு நெனச்சிக்கினு, தலைக்குன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு மரத்தடியில திரும்பப் படிச்சப்பவே தெரிஞ்சிது. பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன்.”

கை நின்றது. ஒரு காய் பாதி உடைந்து விரலுக்கு நடுவில் இருந்தது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

“இன்னா வார்த்த அது?”

“ஹென்னா.”

“என்னா,” என்றாள். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். “என்னா. மருதாணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமேடா.”

“ஆமாங்க்கா.”

“போயிருந்தா மட்டும் அந்தக் கொழந்த பொழைச்சிருக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. ஆனா அவ தனியா கெடந்திருக்க மாட்டா.” காயை உடைத்து விதையை முறத்தில் போட்டாள். “மொதல்ல போயி தனத்துகிட்ட சொல்லு. ஏழு வாரம் என் பாத்திரத்தத் தொலக்கினவ. அவள நான் வாசல்லயே நிக்க வெச்சேன்.”

நான் எழுந்தேன். அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

“ரேகை எடுத்த தாளு வெச்சிருக்கிறியா?”

“ஏழும் இருக்குதுக்கா.”

“கடைசித் தாளு. ஆறு சக்கரம் தெரிஞ்சிதே, அது. அதத் தென்றலுக்கு அனுப்பு. இந்தப் பட்டம் முடியறதுக்குள்ள இந்த ரேகை போயிடும். அவ கையத்தான கேட்டா.”

தனம் கெஸ்ட்ஹவுஸ் பின்புறம் குழாயடியில் இருந்தாள். சொன்னேன். கையிலிருந்த குண்டானை அப்படியே கீழே போட்டாள்.

“ஏண்ணா, ஒரு மாசத்துக்கு மேல ஆவுதே. நான் புள்ளயக் கொன்னவன்னு தெருவுல தலையக் குனிஞ்சிக்கினு போனேனே. தெனம் என்னைப் பாத்துக்கினுதான இருந்த? எப்படிண்ணா உனக்குச் சோறு எறங்கிச்சி?”

நின்று வாங்கிக்கொண்டேன். அவள் பேசி முடித்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் மண்டிப் பக்கம் வேகமாக நடந்தாள்.

மறுநாள் அந்த ஏழாவது தாளை மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டினேன். தபால் ஆபீஸில் வெளிநாட்டுக்குப் போகும் கவருக்கு ஒரு சின்ன ஃபாரம் கொடுத்தார்கள். அனுப்புகிறவர் பெயர் எழுதினேன், பெறுகிறவர் பெயர் எழுதினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கட்டம். இருபது வருஷமாக ஊருக்கே ஃபாரம் நிரப்புகிறவன், அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

“சீக்கிரம் சார், பின்னால ஆளுங்க நிக்கறாங்க. உள்ள இன்னா?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

“பேப்பர்தாங்க,” என்று சொல்லி, அதையே எழுதிக்கொடுத்தேன்.